நீர் தானே வகுத்த எல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

குமரிமுனையில் முக்கடல் கூடுகிறது என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். ஆனால் கடல்களின் எல்லைகளை வரையறுத்து 1953-இல் வெளியான சர்வதேச நீர்வரைவியல் பட்டியலின்படி, அங்கே இருப்பது இலட்சத்தீவுக் கடல் ஒன்றுதான். வங்கக் கடல் இராமர் பாலத்தோடு நின்றுவிடுகிறது. தனுஷ்கோடிக்குப் போனவர்கள் அந்த எல்லையைப் பார்த்திருப்பார்கள். மணல்திட்டுகளுக்கு இடையே நீர் இரு பக்கமும் போய்வந்துகொண்டே இருக்கும்.

நீர் ஒன்று, பிறகு ஏன் இத்தனை பெயர்? மாலுமிகளுக்கான வழிகாட்டி நூல்களையும் எச்சரிக்கை அறிவிப்புகளையும் தொகுப்பவர்களின் வசதிக்காக என்று அந்தப் பட்டியலே சொல்கிறது. புயல் எங்கே, பாறை எங்கே, எந்தக் கலங்கரை விளக்கம் எரியவில்லை என்று அறிவிக்க இடப்பெயர் வேண்டும். உயிர் காக்கும் தேவை அது.

கரை இருக்கும்வரை எல்லை சொல்வது எளிது. கரை முடிந்தபின்? ஆப்பிரிக்காவின் தென்கோடியான அகுல்யாஸ் முனையிலிருந்து 20 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டைப் பிடித்து நேர் தெற்கே இறங்கினார்கள். மேற்கே அட்லாண்டிக், கிழக்கே இந்தியப் பெருங்கடல். தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையிலும், ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியத் தீவின் தென்முனையிலும் இப்படியே. எல்லாம் வயலுக்கு எல்லைக்கல் நட்டதுபோல, மனிதர் வைத்தவை.

அந்தக் கோடுகள் இறங்கும் தெற்கிலோ, நீர் தானே ஓர் எல்லை வகுத்து வைத்திருக்கிறது. அண்டார்க்டிகாவைச் சுற்றி ஒரு நீரோட்டம், குறுக்கே நிலம் எதுவும் மறிக்காமல், மேற்கிலிருந்து கிழக்காக உலகையே வலம் வருகிறது. உலகின் எல்லா ஆறுகளும் சேர்ந்து கொண்டுவரும் நீரைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட நீர் அதில் ஓடுகிறது. வடக்கிலிருந்து போகும் கப்பல் அதைக் கடக்கையில் கடல்நீரின் வெப்பம் சட்டெனச் சில பாகை இறங்கும். பல வேளை மூடுபனி கவியும். நீரில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமே வேறாகிவிடும்.

இந்த நீரோட்டம் எல்லை வகுத்த கடல்தான் தென்பெருங்கடல். அதே பட்டியலின் 1937-ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்த இந்தப் பெயரை 1953-இல் நீக்கிவிட்டார்கள் என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. நீரோட்டம் வளைந்து நெளிந்து ஓடினாலும், 60 பாகை தெற்கு அட்சக்கோட்டை எல்லையாக வைத்து மீண்டும் சேர்க்க 2002-இல் புதிய பதிப்பின் வரைவு தயாராயிற்று. ஜப்பான் கடலின் பெயர் பற்றி ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் உள்ள தகராறில் அந்தப் பதிப்பே முடங்கிப்போனது. நேஷனல் ஜியாகரபிக் தன் வரைபடங்களில் இந்தப் பெயரை ஏற்றது 2021-இல்தான். என்னைக் கேட்டால், தனிப்பெயருக்கு முழு உரிமை உள்ள பெருங்கடல் இதுவே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை நடத்தும்போது சுவர் வரைபடத்தை விட்டுவிட்டு, பூகோள உருண்டையைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுங்கள். வரைபடத்தின் அடிவிளிம்பில் ஒரு பட்டையாகத் தெரிந்த கடல், அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த முழு வளையமாக மாணவர்களுக்குத் தெரியும்.

நன்றி, வணக்கம்.