பாக்கை ஜாஸா வாசிச்சா ஏன் சிலருக்குப் பிடிக்குது, சிலருக்குக் கோபம் வருது?

வணக்கம் மக்களே. பாக்னா ஜெர்மன் செவ்வியல் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக். அவரோட இசையை ஜாஸா வாசிச்ச ஒரு ரெக்கார்டைப் பத்துப் பேர் நடுவுல போட்டுப் பாருங்க. சிலர் முதல் நிமிஷத்துலயே காலால தாளம் போட ஆரம்பிச்சிருவாங்க. சிலருக்கு முகம் சுண்டிப்போயிரும், "நல்லாத்தானே இருந்துச்சு, இதுல எதுக்கு டிரம்ஸ்?"ன்னு கேப்பாங்க. அவங்கவங்க ரசனைன்னு இதை அப்படியே விட்டுரக் கூடாது. ஒரே பாட்டுலதான், ஆனா ஒருத்தரோட காது மேல ஓடுற மெலடியில இருக்கு, இன்னொருத்தர் காது கீழ நடக்குற பேஸ்ல, அதாவது அடிநோட்டு வரியில இருக்கு.

இந்தச் சண்டை ரொம்பப் பழசு. 1937-ல பாரிஸ்ல எடி சவுத்தும் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் வயலின்ல, ஜாங்கோ ரைன்ஹார்ட் கிட்டார்ல, பாக்கோட டி மைனர் இரட்டை வயலின் கான்செர்ட்டோவுல முதல் பகுதியை ஸ்விங்கா, அதாவது ஜாஸோட துள்ளல் தாளத்துல வாசிச்சுப் பதிவு பண்ணாங்க. அடுத்த வருஷமே அமெரிக்காவுல, நியூ ஜெர்சி பாக் சங்கத்தோட தலைவர், ரேடியோவுல பாக்கை இப்படி வாசிக்கிறாங்கன்னு அரசாங்கத்தோட தகவல் தொடர்பு ஆணையத்துக்கே புகார் எழுதினார்.

சரி, இத்தனை இசையமைப்பாளர்கள் இருக்கும்போது ஜாஸ்காரங்க ஏன் திரும்பத் திரும்ப பாக்கிட்டயே போறாங்க? பேஸ்தான் காரணம். அந்தக் காலத்துல கீபோர்டு வாசிக்கிறவர் கையில பல சமயம் பேஸ் வரியும் அதுக்கு மேல சில எண்களும் மட்டும்தான் இருக்கும். எந்த கார்டுன்னு, அதாவது எந்த நோட்டுகளைச் சேர்த்து ஒலிக்கணும்னு அந்த எண் சொல்லும், அதை எப்படி நிரப்புறதுங்கிறது வாசிக்கிறவர் பாடு. இன்னிக்கு ஜாஸ்காரங்க மெலடியும் கார்டு பேரும் மட்டும் எழுதின ஒரு தாளை வச்சுக்கிட்டு வாசிக்கிறாங்களே, கிட்டத்தட்ட அதே வேலை.

பாக்கோட மூணாவது ஆர்கெஸ்ட்ரா சூட்ல வர்ற "ஏர்" எடுத்துக்கோங்க. வயலினை மறந்துட்டு அடியில மட்டும் கேளுங்க. ஒரு நோட், அதோட ஆக்டேவ் (வேற ஸ்தாயியில அதே நோட்), அப்புறம் ஒரு படி கீழ, அதோட ஆக்டேவ்னு நிக்காம நடந்து இறங்கும். டபுள் பேஸ்ல விரலால மீட்டினா அது அப்பவே ஜாஸ்காரங்க சொல்ற வாக்கிங் பேஸ். பிரெஞ்சு பியானோக்காரர் ழாக் லூசியே 1959-ல பியர் மிஷ்லோவை பேஸ்லயும் கிறிஸ்டியன் காரோஸை டிரம்ஸ்லயும் வச்சு "ப்ளே பாக்" வரிசையை ஆரம்பிச்சப்போ, அதுல சி மேஜர் ப்ரெலூடும் இருந்துச்சு. மொத்தம் 35 பார் (தாளச் சுற்று), பாருக்குக் கிட்டத்தட்ட ஒரு கார்டு. இம்ப்ரொவைஸ் பண்றவருக்கு, அதாவது அந்த நேரத்துலயே புதுசா இட்டுக்கட்டி வாசிக்கிறவருக்கு இதைவிட வசதியான தரை கிடைக்காது.

இப்போ கோபம் எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். முதல் காரணம் ஸ்விங். எழுத்துல சமமா இருக்குற ரெண்டு எட்டாம் நோட்டை (ஒவ்வொண்ணும் அரை பீட்), மிதமான வேகத்துல சுமாரா ரெண்டுக்கு ஒண்ணுன்னு நீட்டிக் குறுக்கி வாசிப்பாங்க. நிமிஷத்துக்கு 120, 140 பீட்ல இது நல்லா உக்காரும். 250-ஐத் தாண்டினா நீட்டல் தேஞ்சு, ரெண்டும் சமம்கிற மாதிரி ஆயிரும். பாக் நிறைய எழுதினது அதுலயும் பாதி நீளமான பதினாறாம் நோட்டு. அதைப் போய் அதே வேகத்துல ஸ்விங் பண்ணா நொண்டி நடை மாதிரி தடுமாறும். கேக்கிறவர் "கெடுத்துட்டாங்க"ன்னு சொல்றது பெரும்பாலும் இந்த இடத்துலதான், அங்க அவர் சொல்றது நியாயம்தான்.

ரெண்டாவது, சிம்பல், அதாவது டிரம்ஸ்ல இருக்குற உலோகத் தட்டு. ஃப்யூக்ல மூணு நாலு குரல் ஒண்ணையொண்ணு துரத்தும். ரைடு சிம்பலோட ஓசை விடாம மேல பரவினா நடுக்குரல்கள் அதுல மூழ்கிப்போயிரும். பிரஷ் வச்சு ஸ்நேர் டிரம்ல தேய்ச்சா இந்தச் சிக்கல் பாதி தீரும்.

மூணாவதுதான் எனக்கு முக்கியமாப் படுது, ஏன்னா இது ஜாஸுக்கு வேரான புளூஸ் இசையோட அடிமடியில இருக்கு. சி, ஈ, ஜி, பி ஃப்ளாட் சேர்ந்த சி செவன் கார்டை பாக் போட்டா அது ஒரு கேள்வி. எஃப்ல போய் இறங்கினாத்தான் மனசு ஆறும். புளூஸ்ல அதே சி செவன் வீடு. சி-யில 12 பார் புளூஸ்னா முதல் நாலு பார் அந்த வீட்டுலதான், அப்புறம் ரெண்டு பார் எஃப் செவன், ரெண்டு பார் சி செவன், ஜி செவன் ஒண்ணு, எஃப் செவன் ஒண்ணு, கடைசி ரெண்டு பார் திரும்ப சி செவன். யாருக்கும் எங்கேயும் தீர்வு தேடி ஓட வேண்டிய அவசியம் இல்ல. செவ்வியல் இசையில ஊறின காதுக்கு இது முடியாம அந்தரத்துல தொங்குற மாதிரி இருக்கும். புளூஸ் கேட்டு வளர்ந்த காதுக்கு பாக்கோட முடிப்பு அளவுக்கு மீறிக் கறாரா இருக்கும்.

இந்த முட்டலை மாடர்ன் ஜாஸ் குவார்டெட்ங்கிற நாலு பேர் குழு 1973-ல "புளூஸ் ஆன் பாக்"னு பதிவு பண்ணின ஆல்பத்துல கையாண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கலக்கவே இல்ல, அடுத்தடுத்து வச்சாங்க. பாக்கை ஒட்டின அஞ்சு துண்டுகள்ல ஜான் லூயிஸ் ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்தின கீபோர்டு) வாசிக்கிறார். இடையிடையே நாலு புளூஸ், அதுல மில்ட் ஜாக்சனோட வைப்ரஃபோன். அந்த நாலோட சுருதியைப் பாருங்க: பி ஃப்ளாட், ஏ மைனர், சி மைனர், பி. ஜெர்மன்காரங்க பி ஃப்ளாட்டை பி-ன்னும், நாம பி-ங்கிறதை ஹெச்-னும் எழுதுவாங்க. சேர்த்துப் படிச்சா பி, ஏ, சி, ஹெச். அதுதான் ஜெர்மன்ல பாக்கோட பேர்!

குறை சொல்றவங்களைச் சமாதானப்படுத்தணும்னா ஸ்விங்கிள் சிங்கர்ஸ்ங்கிற பாடகர் குழுவுல இருந்து ஆரம்பிங்க. 1963-ல வந்த முதல் ஆல்பத்துல எட்டுக் குரலும் பாக் எழுதின நோட்டுகளைத்தான் "பா-டா-பா"ன்னு பாடுது, கூட பேஸும் டிரம்ஸும் மட்டும். எந்த நோட்டும் களவு போகலைன்னு தெரிஞ்சதும் பலருக்குக் கோபம் தணிஞ்சிரும்.

நோட்டை மாத்தினாத்தான் வம்பு. ஜாஸ் இசையமைப்பாளர்கள் ட்யூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் 1960-ல சைகோவ்ஸ்கியோட "நட்கிராக்கர்", நார்வேக்காரர் க்ரீகோட "பியர் கின்ட்" ரெண்டையும் பிக் பேண்டுக்கு மாத்தி எழுதினாங்க. முதலாவதை இன்னிக்கும் கிறிஸ்துமஸ் சமயத்துல ஆசையா வாசிக்கிறாங்க. ரெண்டாவதுக்கு ஸ்காண்டிநேவியாவுல பெரிய எதிர்ப்பு, க்ரீக் அவங்க மண்ணோட அடையாளம் இல்லையா. அதே வருஷம் வந்த மைல்ஸ் டேவிஸ், கில் எவன்ஸ் ஆல்பத்துல "கான்சியெர்த்தோ தெ அரான்ஹுவெஸ்"ங்கிற கிட்டார் கான்செர்ட்டோவோட மெதுவான பகுதியைக் கேட்டப்போ, அதை எழுதின ரோட்ரிகோவுக்கு அது பிடிக்கல. கிட்டார்ல மீட்டினதும் தேயுற ஓசை, அங்க ட்ரம்பெட் மாதிரியான ஃப்ளூகல்ஹார்ன்ல மூச்சு நீளத்துக்கு நிக்குது. எழுதினவருக்கு அது வேற பாட்டாத்தான் கேக்கும்.

நீங்களே சோதிச்சுப் பார்க்கணும்னா "ஏர்"ஐ மூணு தடவை கேளுங்க. முதல் தடவை மூலத்துல பேஸை மட்டும் பின்தொடருங்க, வாயால பாடினா இன்னும் நல்லது. ரெண்டாவது தடவை லூசியே. அந்த பேஸ் வரி அப்படியே இருக்கா, எங்க விலகுதுன்னு நேரத்தைக் குறிச்சு வைங்க. பியானோ மெலடியை விட்டுட்டுத் தனியாப் போனாலும் அடியில அதே கார்டுகள் சுத்துதான்னு எண்ணிப் பாருங்க. மூணாவதா மறுபடியும் மூலம். ஹெட்ஃபோன் இல்லாம ஃபோன் ஸ்பீக்கர்ல மட்டும் கேக்காதீங்க. அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல அடிநோட்டு வெளிய வராது, மிஞ்சுறது மெலடியும் சிம்பலும்தான்.