பல்லுக்குள் தங்கிய பிளேக்

அவையோருக்கு வணக்கம்.

கிர்கிஸ்தானில் இசிக்-குல் ஏரிக்கு அருகே கரா-ஜிகாச், புரானா என்று இரண்டு பழைய இடுகாடுகள். ஆண்டு பொறித்த கற்கள் 467. அவற்றில் 118 கற்கள் 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்கு உரியவை. சிலவற்றில் சிரியாக் என்ற பழைய மொழியில் ‘மவ்தானா’வால் இறந்தார் என்று வெட்டியிருக்கிறார்கள். கொள்ளைநோய் என்று பொருள். நம்மூர் முஸ்லிம்கள் சாவை ‘மவுத்து’ என்கிறார்களே, அதே வேர்தான்.

என்ன கொள்ளைநோய்? கல் சொல்லாது, பல் சொல்லும். கிருமி இரத்தத்தில் பெருகி ஆள் இறந்தால், பல்லின் நடுவே இருக்கும் குழியான கூழறையில் ஓடும் நுண் நாளங்களிலும் அது தங்கிவிடும். வெளியே எனாமல் காவல். பல்லின் தலையும் வேரும் சேரும் இடத்தில் அறுத்து, கூழறையின் உட்சுவரைச் சுரண்டினால் 50 மில்லிகிராம் அளவுக்குப் பொடி கிடைக்கும். துளைகருவியை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். சூடேறினால் டிஎன்ஏ கெடும். பொடியை, சுண்ணத்தைக் கரைக்கும் இடிடிஏவும் புரதத்தை உடைக்கும் புரோட்டினேஸ்-கேயும் கலந்த கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்து, வெளிவரும் டிஎன்ஏவை சிலிக்காவில் ஒட்டவைத்துப் பிரிக்கிறார்கள்.

டிஎன்ஏ என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளால் ஆன தொடர். வருவதெல்லாம் பெரும்பாலும் நூறு எழுத்துக்கும் குறைந்த துணுக்குகள். முக்கால்வாசிக்கு மேல் மண் பாக்டீரியாவின் சொத்து. அதனால் பிளேக் கிருமியின் மரபுத்தொடரோடு, அதாவது அதன் முழு டிஎன்ஏவோடு, பொருந்தும் டிஎன்ஏ இழைகளைத் தூண்டிலாகப் போட்டு வேண்டியதை மட்டும் பிடிக்கிறார்கள். ஏமாறுவதும் இங்கேதான். பிளேக் கிருமியில் இருக்கும் ‘பிஎல்ஏ’ மரபணு ஒன்று அகப்பட்டதும் பிளேக் என்று சொல்லிவிட முடியாது. அதை ஒத்த மரபணு வேறு சில குடல் பாக்டீரியாக்களிலும் உண்டு. கிடைத்தது பழையதுதானா என்று பார்க்கவும் ஓர் அடையாளம் உண்டு. பழைய துணுக்கின் நுனியில் ‘சி’ எழுத்து ‘டி’யாக மாறிப் படிக்கப்படும். நேற்று யாரோ கைபட்டு ஒட்டிய டிஎன்ஏவில் இந்தத் தேய்மானம் இருக்காது.

அந்தக் கிர்கிஸ்தான் இடுகாடுகளில் 7 பேரின் பற்களைச் சோதித்ததில் 3 பேரிடம் கிருமி இருந்தது. 2022இல் வெளியான முடிவு இது. பிளேக் கிருமியின் குலமரம் நான்கு கிளைகளாகப் பிரிகிற முடிச்சில் போய் உட்கார்ந்தது அந்தக் கிருமி. மரபுத்தொடர் தருவது முன்பின் வரிசைதான். 1338 என்ற ஆண்டைக் கொடுத்தது கல்.

அந்த வரிசையும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கிருமியின் மரபுத்தொடர் சுமார் 46 லட்சம் எழுத்து. மாறுவதோ நத்தை வேகம். 1348 வாக்கில் ஐரோப்பாவில் பரவிய ‘கருஞ்சாவு’ என்ற பிளேக்கில் லண்டனிலும் பார்சிலோனாவிலும் இறந்தவர்களின் கிருமிகளில் வேறுபாடே காணவில்லை. எந்தத் துறைமுகத்திலிருந்து எதற்குப் போனது என்று இதை வைத்துச் சொல்ல வழியில்லை. ஆனால் மேற்கு ஐரோப்பியக் கிருமிகளில் இருக்கும் ஓர் எழுத்து மாற்றம் ரஷ்யாவின் வோல்காப் பகுதியில் உள்ள லைஷெவோவில் எடுத்த கிருமியில் இல்லை. அதாவது அது அந்த மாற்றத்துக்கு முந்திய வடிவம். கிழக்கிலிருந்து மேற்கே வந்தது என்பதற்கு ஐரோப்பாவுக்குள் அகப்பட்ட பிடி அந்த ஒற்றை எழுத்து.