மூன்று கூட்டல் குறியும் ஒரு விநாடி மௌனமும்

நேயர்களுக்கு வணக்கம். தொலைபேசி லைன் வழியாகக் கணினியை வேறு கணினிகளோடு இணைக்கும் கருவி டயல்-அப் மோடம். அதற்குத் தட்டச்சு செய்தே கட்டளை இடுவது பற்றி இன்று பேசுகிறேன்.

கணினியையும் மோடத்தையும் இணைப்பது ஒரே கேபிள். நீங்கள் அனுப்பும் கடிதம் போவதும் அதில்தான், "இந்த எண்ணைக் கூப்பிடு" என்ற கட்டளை போவதும் அதில்தான். எது கடிதம், எது கட்டளை என்று மோடம் எப்படிப் பிரித்தறியும்? 1981-இல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் ஸ்மார்ட்மோடத்தில் வகுத்த முறையையே பின்னால் வந்த மோடம்கள் பெரும்பாலும் பின்பற்றின.

ஒவ்வொரு கட்டளை வரியும் ஏ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். காதில் குழம்பக்கூடாது: இது திருச்சிக்கு எழுதும் டி. இன்னொன்று வரும், அது டெல்லிக்கு எழுதும் டி. இந்த இரண்டு எழுத்துகளின் பிட்களை அளந்துதான் கணினியின் வேகத்தை மோடம் கண்டுகொள்கிறது. ஆகவே இரண்டும் பெரிய எழுத்தாக இருக்கட்டும், இல்லையேல் இரண்டும் சிறிய எழுத்தாக. கலந்து அடித்தால் பல மோடம்கள் பதிலே தராது.

நீங்கள் அடிப்பதை மோடத்துக்கு அனுப்பி அதன் பதிலைத் திரையில் காட்டுவது டெர்மினல் மென்பொருள். அதில் மோடம் இணைந்திருக்கும் சரியான காம் போர்ட், 8 தரவு பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வைத்து, ஏடி அடித்து என்டர் தட்டுங்கள். 'ஓகே' வர வேண்டும். ஓகே வந்தும் நீங்கள் அடித்தது திரையில் தெரியாவிட்டால் ஏடி இ1.

எண்ணைக் கூப்பிட, ஏடி, அடுத்து டெல்லி டி, அடுத்து திருச்சி டி, பிறகு எண். எண்களைத் துடிப்புகளாக வாங்கும் பழைய பல்ஸ் முறை எக்ஸ்சேஞ்ச் என்றால் அந்தக் கடைசி டி-க்குப் பதில் பி. அலுவலகத்தில் 0 போட்டு வெளி லைன் எடுப்பவர்கள் 0-க்குப் பின் ஒரு காற்புள்ளி இடவேண்டும். மோடம் 2 விநாடி காத்திருக்கும். ரிசீவரில் டயல் டோன் கேட்கிறது, மோடமோ 'நோ டயல்டோன்' என்கிறது என்றால் முதலில் ஏடி எக்ஸ்3 இடுங்கள்.

இணைப்பு கிடைத்ததும் நீங்கள் அடிப்பதெல்லாம் மறுமுனைக்குப் போய்விடும். மோடத்திடம் மறுபடி பேச ஒரு விநாடி சும்மா இருங்கள்; மூன்று கூட்டல் குறி அடியுங்கள்; இன்னொரு விநாடி சும்மா இருங்கள். பழக்கத்தில் உடனே என்டர் தட்டினால் மௌனம் கலைந்து எல்லாம் வீண். ஓகே வந்தபின் ஏடி ஓ என்றால் இணைப்புக்குத் திரும்பலாம், ஏடி எச் என்றால் துண்டிக்கலாம்.

அந்த மௌனத்துக்கு ஹேய்ஸ் காப்புரிமை வைத்திருந்தது. சில நிறுவனங்கள் அதை விட்டுவிட்டு மோடம் செய்தன; விளைவு மோசம். கூட்டல் குறி மூன்றும் துண்டிப்புக் கட்டளையும் அடங்கிய பிங் ஒன்றை, அதாவது ஒரு கணினி இணைப்பில் இருக்கிறதா என்று சோதிக்க இணையம் வழி அனுப்பும் செய்தியை, விஷமி அனுப்புவான். உங்கள் கணினி அதை அப்படியே திருப்பி அனுப்பும்போது, உங்கள் மோடமே அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு லைனைத் துண்டிக்கும். ஏடி எஸ்2=255 என்று வைத்தால் இது நடக்காது. ஆனால் அதன்பின் உங்கள் கூட்டல் குறிகளுக்கும் மோடம் செவிசாய்க்காது. கணினி தயார் என்று மோடத்துக்குச் சொல்லும் டிடிஆர் சிக்னலை மென்பொருள் இறக்கித்தான் துண்டிக்க வேண்டும். அதற்கு ஏடி &டி2, டெல்லி டி, முன்பே இட்டிருக்க வேண்டும்.