ஒரு சீர் மட்டும் திரும்பவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

கவிதை வாசிப்பு என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது பொங்கல் கவியரங்கம். தலைமைக் கவிஞர் ஒவ்வொருவரையும் பாட்டாலேயே அழைப்பார், வந்தவர் தமிழ் வாழ்த்தும் அவை வணக்கமும் சொல்லித் தொடங்குவார், நல்ல அடி வந்தால் கூட்டத்திலிருந்து "மீண்டும் ஒருமுறை" என்று குரல் வரும். 1938-இல் தொடங்கிய சென்னை வானொலி அந்தக் குரல்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

இன்று நான் பேச வந்தது அதைவிடச் சின்ன ஓர் அரங்கத்தைப் பற்றி. மேற்கு மாம்பலத்தில், ரயில் பாதைக்கு அருகே ஒரு டியூஷன் சென்டரின் மொட்டை மாடிக் கொட்டகை. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அங்கே கூடுவோம். கரும்பலகையில் காலையில் யாரோ போட்ட கணக்கு அழிக்காமல் இருக்கும். பதினைந்து பேர் வந்தால் நல்ல கூட்டம். மின்சார ரயில் கடக்கும்போது வாசிப்பவர் நிறுத்திக்கொள்வார். அது போனபின் விட்ட அடியிலிருந்து மறுபடி தொடங்குவார். 2006-இல் நான் முதன்முதலாகப் போனபோது, அலுவலகக் கணக்குப் பிரிவில் எட்டு வருடம் ஓட்டியிருந்தேன். யாருக்கும் காட்டாத நாற்பது புதுக்கவிதைகள் கைப்பையில் இருந்தன.

எங்கள் மாடியில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் ஒருமுறை வாசித்ததும், தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதையே இரண்டாம் முறை வாசிப்பார். முதல் வாசிப்புக்குக் கைதட்டக் கூடாது. என் கவிதையை இன்னொருவர் குரலில் முதன்முதலாகக் கேட்ட நாளை என்னால் மறக்க முடியாது. நான் எழுதும்போது சரளமாக ஓடிய இடத்தில் அவர் தடுக்கினார். மூச்சு வாங்க இடம் இல்லாத இடத்தில் மூச்சு வாங்கினார். யாரும் விமர்சனம் சொல்லவேயில்லை. எங்கே வரி உடைந்திருக்கிறது என்று அவர் தடுக்கிய இடங்களே எனக்குக் காட்டிவிட்டன.

அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரை நாங்கள் புரூஃப் ஐயா என்று அழைப்போம். ராயப்பேட்டையில் ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்திலிருந்து அச்சகங்களில் புரூஃப் பார்த்தவர். அவர் வேலையில் ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார், இன்னொருவர் அச்சுத்தாளில் கண்ணை ஓட்டுவார். கண் தவறவிடுவதைக் காது பிடித்துவிடும் என்பது அவருடைய அனுபவம். யாப்பு என்ற செய்யுள் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்ட வெண்பாதான் எழுதுவார். சொந்தமாக ஒரு புத்தகம் கூடப் போட்டதில்லை. "போடலாமே ஐயா" என்றால், "எழுதறதே போதும்மா, இங்க வந்து படிச்சுட்டேன் இல்ல" என்பார்.

அவருக்கும் எனக்கும் நடந்த பெரிய வாக்குவாதம் புதுக்கவிதை பற்றியது. 1959-இல் திருவல்லிக்கேணியிலிருந்து சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கி, ந. பிச்சமூர்த்தி போன்றவர்களின் யாப்பை விட்ட கவிதைகளுக்கு இடம் கொடுத்தார். இனி கவிதையைக் கண்ணால் மௌனமாகப் படிக்கலாம், பாட வேண்டியதில்லை என்ற துணிச்சல் தமிழுக்கு வந்தது அந்த வழியில்தான். என்னைப் போன்றவர்கள் எழுத முடிந்ததே அதனால்தான். ஐயா அதை மறுக்க மாட்டார். "ஆனா அதே திருவல்லிக்கேணிக் கடற்கரையில பாரதி தன் பாட்டைத் தானே பாடினாரே, அதையும் மறந்துடக் கூடாதும்மா" என்பார். நானும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்புறம் 2015 டிசம்பர் வந்தது. முதல் தேதி இரவு அடையாறு கரை புரண்டபோது ஜாபர்கான்பேட்டையில் அவர் குடியிருந்த தரைத்தள வீடு முழுவதும் மூழ்கியது. அவரும் அவர் மனைவியும் பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு நாள் இருந்து உயிர் பிழைத்தார்கள். தண்ணீர் வடிந்தபின் நாங்கள் நான்கு பேர் சேறு அள்ளப் போனோம். பரணில் இருந்த பாத்திரங்கள் மட்டும் தப்பியிருந்தன. அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்த மூன்று நோட்டுகள் ஒட்டிக் கூழாகியிருந்தன. எல்லாம் ஊற்றுப் பேனா மையில் எழுதியவை. அவர் அந்தக் கூழைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "போகட்டும், நனையாத அரிசி ஏதாவது இருக்கா பாரும்மா" என்றார்.

டிசம்பரில் கூட்டம் நடக்கவில்லை. ஜனவரியில் அவர் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார். அன்று யாரும் தன் கவிதையை வாசிக்கவில்லை. ஆளுக்கொரு தாள் எடுத்துக்கொண்டு, அவர் வாசித்ததில் நினைவிருப்பதை எழுதத் தொடங்கினோம். ஒருவருக்கு முதல் அடி, இன்னொருவருக்கு ஈற்றடி, மற்றொருவருக்கு எதுகை மட்டும். இரண்டாம் வாசிப்பு வாசித்தவர்கள்தான் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். எட்டு மாதம் இப்படியே போனது. அறுபத்தொரு வெண்பாக்கள் திரும்பி வந்தன.

மறந்த சொல்லைப் பல நேரம் யாப்பே தேடிக் கொடுத்ததை அப்போது கண்ணால் பார்த்தேன். வெண்பாவில் அடியின் ஒவ்வொரு துண்டும் ஒரு சீர். மா, விளம், காய் என்பவை சீரின் ஓசை வகைகள். சீருக்குள் இருக்கும் சின்னத் துண்டு அசை. புள்ளி எழுத்தைக் கணக்கில் விட்டால் நேரசைக்கு ஓர் எழுத்து, நிரையசைக்கு இரண்டு. முந்தைய சீர் மாவில் முடிந்தால் அடுத்தது நிரையசையில் தொடங்க வேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்தால் நேரசையில் தொடங்க வேண்டும். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்துப்போக வேண்டும். இத்தனைக்கும் பொருந்தி, பொருளும் சரியாக வரும் சொல் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். யாராவது அதைச் சொன்னதும் ஐயாவின் முகம் மலரும்.

அந்த மாதங்களில் ஒரு நாள், என் கவிதை ஒன்றை நினைவிலிருந்து சொல்லும்படி நண்பர்களிடம் கேட்டேன். மூன்று முறை வாசித்த கவிதை. அதில் வந்த பழைய தையல் மிஷின் எல்லோருக்கும் நினைவிருந்தது. ஒரு வரி கூட நான் எழுதியபடி யாருக்கும் வரவில்லை. எனக்கு வலித்தது, உண்மைதான். நான் யாப்புக்கு மாறிவிடவில்லை, இன்றும் புதுக்கவிதைதான் எழுதுகிறேன். ஆனால் அன்றிலிருந்து தாளில் எழுதும் முன்பு ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். தையல் மிஷின் கவிதையில், நண்பர் ஒருவர் தவறாகச் சொன்ன ஒரு வரி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அவரைக் கேட்டுவிட்டு அதையே வைத்துக்கொண்டேன்.

ஐயா 2019-இல் காலமானார். அந்த அறுபத்தொன்றையும் நகலெடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கிறோம். அதில் அறுபது முழுமையானவை. ஒன்று மட்டும் இப்படி இருக்கிறது.

பிழைதிருத்தி வாழ்ந்தேன் பிறர்நூலில் நாளும்;
மழையொழுகும் என்வீட்டுக் கூரை - உழைத்தும்
ஒருபிழை ............ என்கையால் தீரா
திருக்கிறதே இன்னும் எனக்கு.

மூன்றாம் அடியில் இரண்டாம் சீர் இல்லை. இங்கே யாப்பு எங்களைக் கைவிட்டது. மட்டுமே, என்றுமே, வீட்டிலே, நெஞ்சிலே, எதை வைத்தாலும் தளை தட்டவில்லை, அதாவது சீர்களை இணைக்கும் விதி கெடவில்லை. ஆனால் வீட்டிலே என்றால் அது கூரையைப் பற்றிய பாட்டு. நெஞ்சிலே என்றால் முற்றிலும் வேறு பாட்டு. எழுதியவரையே கேட்டோம். "நினைவில்லை. இப்ப ஒண்ணு போட்டா அது புதுப் பாட்டு ஆயிடும். யாருக்காவது ஞாபகம் வரும், இடம் விட்டு வையுங்க" என்றார். விட்டு வைத்திருக்கிறோம்.

அவர் அதை வாசித்தது 2011 அல்லது 2012-ஆக இருக்க வேண்டும். அந்த நாட்களில் எங்கள் மாடிக்கு எத்தனையோ பேர் ஒரே ஒரு முறை வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்துப்போக வந்து, மழைக்கு ஒதுங்கி நின்று கேட்டவர்களும் உண்டு. இப்போது இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அவர்களில் யாராவது இருக்கலாம். அந்தச் சீர் உங்கள் காதில் இன்னும் இருந்தால், எந்த மாதமானாலும் இரண்டாவது ஞாயிறு நான்கு மணிக்கு வாருங்கள். கீழ்க்கதவு திறந்தே இருக்கும்.

வணக்கம்.