நெடுந்தீவுக் குடாவும் ஒரு போத்தல் பீலித் தண்ணியும்

வணக்கம் உறவுகளே. நேற்று இரவுதான் நம்ம மலையகத்து ஹட்டனுக்கு வந்து சேர்ந்தேன். முகத்தைப் பார்த்தாலே தெரியும், மூக்கில் தோல் உரிந்துகொண்டிருக்கிறது. பின்னால் கேட்கிற சத்தம் மழை, தகரத்தில் அடிக்கிறது, நிறுத்த முடியாது. வழக்கமாக மேசைக்கு முன்னால் உட்கார்ந்துதான் பேசுவேன். இன்று அடுப்படியில் இருக்கிறேன். காரணம் பிறகு வரும்.

யாழ்ப்பாணத்துக் கடலில் இருக்கிற நெடுந்தீவுக்குப் போகப் போகிறேன் என்று போன வீடியோவில் சொன்னதும் நிறையப் பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தீர்கள். "அங்கே வெயிலும் கல்லும்தான், மூன்று மணித்தியாலத்தில் சுற்றிவிட்டு அடுத்த படகில் திரும்பிவிடலாம்." அந்த மூன்று மணித்தியாலக் கணக்குத்தான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காதது. போய் வந்த பிறகு இன்னும் பிடிக்கவில்லை. ஒரு நாளாவது அந்தத் தீவுக்குக் கொடுக்க வேண்டும். அதிலும் தெற்குப் பக்கத்தில் நான் பார்த்த அந்தக் குடாவுக்கு மட்டும் அரை நாள் கொடுக்க வேண்டும்.

முதலில் வழி. கண்டியில் யாழ்ப்பாணம் பஸ் ஏறினேன். ஏ9 வீதி நம்ம கண்டியில்தான் ஆரம்பிக்கிறது, 321 கிலோமீட்டர். இடையில் கிளிநொச்சியில் இறங்கி மாமா வீட்டில் ஓர் இரவு. பழைய வீடியோக்களில் அவரைப் பார்த்திருப்பீர்கள், 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போய் அங்கே குடியேறிய குடும்பம். அடுத்த நாள் விடியற்காலையில் யாழ்ப்பாணம். அங்கிருந்து படகுத்துறை இருக்கிற குறிகட்டுவானுக்கு பஸ். பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர், வேலணை, அப்புறம் இன்னொரு நீளமான கடல்பாலம், புங்குடுதீவு. மலையில் வளைந்து வளைந்தே போய்ப் பழகின எனக்கு, இப்படி நேராக ஒரு பாதை கடலுக்கு நடுவில் போவதைப் பார்க்கவே புதிதாக இருந்தது.

குறிகட்டுவானில் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே நிற்கிற கூட்டத்தில் பெரும்பாலானோர் நயினாதீவுக்குப் போகிறவர்கள், நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாக விகாரைக்கும். கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிடாதீர்கள். நெடுந்தீவுப் படகு எது என்று கேட்டு ஏறுங்கள். நயினாதீவு பக்கத்தில்தான் இருக்கிறது, நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் போகும்.

இனி தேத்தண்ணி. தெரியும், நான் எங்கே போனாலும் தேத்தண்ணியைப் பற்றிப் பேசாமல் விடமாட்டேன். ஆனால் இந்த முறை உண்மையிலேயே பேச வேண்டிய விஷயம் இருக்கிறது. துறைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பால் சேர்க்காத பிளேன்டீ ஒன்று வாங்கினேன். நிறம் கறுப்பு. மேலே ஓர் ஏடு. பாலில் படிகிற மாதிரி இல்லை, எண்ணெய் மாதிரி மினுங்குகிற மெல்லிய ஏடு. கரண்டியால் தொட்டதும் கண்ணாடி உடைகிற மாதிரி துண்டு துண்டாகப் பிரிந்தது. குடித்து முடித்த பிறகு கிளாசின் உள்பக்கத்தில் மண்ணிறத்தில் ஒரு வளையம். வாசம் என்று எதுவும் இல்லை. கடைக்காரர் மேல் ஒரு குறையும் இல்லை, தண்ணீர்தான் காரணம். அந்தப் பக்கமெல்லாம் சுண்ணக்கல் நிலம். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். அது தேயிலைச் சாயத்தோடு சேர்ந்து இப்படி ஏடாகப் படியும், வாசத்தையும் அமுக்கிவிடும். நம்ம மலைத் தண்ணீர் கருங்கல்லில் ஊறி வருகிறது, சுண்ணாம்பு குறைவு, அதனால்தான் நம்ம வீட்டுத் தேத்தண்ணி அந்தச் செந்நிறத்தில் தெளிவாக நிற்கிறது.

இது எனக்கு முன்னாலேயே தெரியும். அதனால் என்ன செய்தேன் என்றால், எங்கள் தோட்டத்து லயத்துக்கு மேலே, மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலியில் ஒன்றரை லீட்டர் போத்தல் ஒன்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனேன். கூடவே பி.ஓ.பி.எஃப். என்கிற தூள் தேயிலை 100 கிராம். கிளிநொச்சியில் மாமி சிரித்தார், "தண்ணியைத் தூக்கிக்கிட்டா கடலுக்குப் போறே?" என்று. தூக்கிக்கொண்டுதான் போனேன்.

படகில் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், ஒரு மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிக் கட்டு. தீவு மக்களுக்கு அதுதான் பஸ், அதுதான் லொறி. நாம் வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள், அதனால் முதலில் அவர்கள் உட்காரட்டும் என்று நின்றுகொண்டே போனேன். மாவிலித்துறையில் இறங்கியதும் ஆட்டோக்கள். ஒரு அண்ணா சுற்றிக் காட்ட 5,000 ரூபா கேட்டார். நான் பேரம் பேசவில்லை, கால அட்டவணையைத்தான் பேசினேன். அவர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்: கோட்டை பத்து நிமிடம், புறாக்கூடு பத்து நிமிடம், பெருக்கு மரம் பத்து நிமிடம், வளரும் கல், பெரிய பாதம், குதிரை, திரும்பத் துறை. நான் சொன்னேன், "அண்ணா, அதே 5,000 தருகிறேன். பாதியை விட்டுவிடுங்கள். ஆட்கள் போகாத ஒரு கரைக்குக் கொண்டு போங்கள், அங்கே மத்தியானம் வரைக்கும் இருக்க வேண்டும்." அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "குளிக்கவோ?" என்றார். "பார்க்க" என்றேன்.

போகிற வழியில் பெருக்கு மரத்தடியில் மட்டும் நிறுத்தினோம். ஆப்பிரிக்காவில் வளர்கிற மரம், இங்கே எப்போதோ வந்து வேர் விட்டிருக்கிறது. அடிமரத்தில் இருக்கிற பொந்துக்குள் நுழைந்து நிற்கலாம், உள்ளே நல்ல குளிர். கோட்டையை ஆட்டோவில் இருந்தே பார்த்தேன், அதற்குமேல் எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. வேலிகளைத்தான் திரும்பத் திரும்பப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வீடு, காணிக்குக் காணி, முருகைக்கல்லை, அதாவது பவளக் கல்லை, சாந்து எதுவும் இல்லாமல் அடுக்கிக் கட்டின வேலி. கல்லுக்குக் கல் இடம் பார்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். நம்ம தேயிலை மலையில் மண் சரியாமல் இருக்க அடுக்கியிருக்கிற கல்லுக்கட்டு அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. எங்கள் தாத்தா கல்லுக்கட்டு வேலை செய்தவர். ஒரு கல்லைக் கையில் எடுத்து இரண்டு முறை திருப்பிப் பார்ப்பார், மூன்றாவது முறை வைத்துவிடுவார், அப்புறம் அது அசையாது. நெடுந்தீவில் அந்தக் கையை நூறு இடத்தில் பார்த்தேன்.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். படகைப் பற்றிச் சொன்னபோதே சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பாதையில் ஓடுகிற படகுகளில் குமுதினி என்ற பெயரை மறக்கக் கூடாது. 1985 மே 15 அன்று அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, ஏறியிருந்தவர்களில் குறைந்தது 23 பேரைக் கொன்றார்கள். தீவில் ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அஞ்சலி செலுத்துகிறார்கள். போகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போங்கள். படகில் ஏறிய உடனே பாட்டைச் சத்தமாகப் போடாதீர்கள்.

சரி, குடா. ஆட்டோ நின்ற இடத்திலிருந்து பனைகளுக்கு நடுவில் கொஞ்ச தூரம் நடந்தோம். தீவு முழுக்கத் தட்டை, அதனால் கடல் முன்னாலேயே தெரியாது. சத்தமும் இல்லை. திடீரென்று பனை முடிந்தது, கரை உள்ளே வளைந்து ஒரு தொட்டில் மாதிரி கிடந்தது. கரையோரத் தண்ணீருக்கு நிறமே இல்லை, என் கால் விரலும் கீழே கிடக்கிற முருகைக்கல் துண்டும் அப்படியே தெரிந்தன. பத்து அடி தள்ளி இளம் கொழுந்து நிறம். அதற்கு அப்பால் நீலம், நீலத்தோடு வானம். அலை என்று சொல்ல முடியாது, தண்ணீர் வந்து கரையைத் தடவிவிட்டுப் போகிறது. கரை நெடுக ஒதுங்கின சாதாழை என்கிற கடற்புல், காய்ந்து நாடா நாடாவாகக் கிடக்கிறது. மிதித்தால் மெத்தை. வாசம் கொஞ்சம் கடுமைதான், எனக்குப் பிடித்தது.

அங்கே ஒரு குதிரையும் குட்டியும் வந்தன. யாரும் ஓட்டி வரவில்லை. ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவந்த குதிரைகளின் வழி, இப்போது தானாகத் திரிகின்றன, கோடையில் தண்ணீருக்குத் தவிக்கின்றன. நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையில் சவாரிக்கு நிறுத்தியிருக்கிற குதிரைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது சரியில்லாமல் போகும், அது உங்களுக்குத் தெரியும். இந்தக் குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் வந்தது, என்னைப் பார்த்தது, திரும்ப நுழைந்தது. எட்ட நின்றே எடுத்தேன். நீங்களும் போனால் கிட்டப் போகாதீர்கள், சாப்பாடும் போடாதீர்கள்.

நான் அங்கே உட்கார்ந்து நினைத்தது எங்கள் அப்பாயியை, அப்பாவின் அம்மாவைத்தான். அப்பாயியின் தாத்தா தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இந்தப் பாக்கு நீரிணையைத் தாண்டி வந்தவர். தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியில் நடந்த கூட்டத்தில் ஒருவர். அந்த வழியில் பசியிலும் நோயிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 2023இல் நம்ம மக்கள் வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, நானும் கடைசி நாள் போய்ச் சேர்ந்துகொண்டேன், அந்த வீடியோ இருக்கிறது. ஆனால் நடந்த பாதையைப் பார்த்தேனே தவிர, அவர்கள் தாண்டின தண்ணீரை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. தண்ணீர் அவ்வளவு அமைதியாக இருந்தது. அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபடியே நெடுநேரம் இருந்துவிட்டேன். கமெரா ஓடிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் அண்ணா வந்து கூப்பிட்டார். "ஓர் அடுப்பு வேண்டும்" என்றேன். அவருடைய மாமியின் வீடு பக்கத்தில்தான். முகம் காட்ட வேண்டாம் என்று அந்த ஆச்சி சொன்னதால் வீடியோவில் அவருடைய கைகள் மட்டும்தான் வரும்.

"எங்கயிருந்து வாறாய் பிள்ளை?"

"ஹட்டன்ல இருந்து ஆச்சி."

"தேயிலை ஊரோ? அப்ப தேயிலையும் கொண்டு வந்திருப்பாய்."

தேயிலை மட்டுமா, தண்ணீரும் இருக்கிறது என்று போத்தலை எடுத்து வைத்தேன். ஒரே தேயிலை, ஒரே அளவு, இரண்டு கேத்தல். ஒன்றில் ஆச்சியின் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் பீலித் தண்ணீர். ஐந்து நிமிடம் மூடி வைத்து இரண்டு கிளாசில் ஊற்றினோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் நீங்கள்! ஒன்று கறுத்து ஏடு கட்டியது. மற்றது செம்பு நிறத்தில், கிளாசின் அடிவரைக்கும் வெளிச்சம் போனது. வாசம் அடுப்படி முழுக்க. அண்ணா என்னுடையதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

ஆச்சி இரண்டையும் மாறி மாறிக் குடித்தார். "உன்ர நல்ல வாசம் பிள்ளை. ஆனா எனக்கு எங்கட தண்ணியில போட்டதுதான் பிடிச்சிருக்கு. வாயில நிக்குது."

எனக்கு அது ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை. பீலித் தண்ணீர்தான் தேயிலைக்கு ஏற்றது. ஆனால் கிளம்பும்போது ஆச்சி என்னுடைய காலிப் போத்தலை வாங்கி, தன் கிணற்றுத் தண்ணீரை நிரப்பித் தந்தார். "உன்ர அப்பாயிக்குக் குடு, சொல்லட்டும்."

அந்தப் போத்தல்தான் இது. அதனால்தான் அடுப்படியில் நிற்கிறேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிட்டது, அப்பாயி உள்ளே காத்திருக்கிறார்.

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். திரும்பி வருகிற கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையில் ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், காற்று பலமாக இருந்தால் படகு ஓடுமா என்றும் கேளுங்கள். தொப்பியும் குடிக்கிற தண்ணீரும் கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை குடாவின் வீடியோ வரும். அதில் நான் பேசவில்லை, பாட்டும் போடவில்லை. நாற்பது நிமிடமும் தண்ணீரும் காற்றும் அந்தக் குதிரைக்குட்டியும்தான்.

ஏடு கட்டிவிட்டது, பாருங்கள். இதோ, கிட்டக் காட்டுகிறேன். அப்பாயி, சீனி எத்தனை கரண்டி?