குத்ஷானிஸ்: மூன்று பெயர் கொண்ட ஊர்

நேயர்களுக்கு வணக்கம். துருக்கியின் தென்கிழக்கு மூலையில், ஹக்காரி மலைகளில் ஒரு சிறிய குர்திய கிராமம். அரசுப் பதிவில் கொனாக், குர்துகளுக்குக் கொச்சானிஸ், அதற்கு முன்னால் அங்கே வாழ்ந்த அசீரியர்கள் என்ற கிறிஸ்தவ மக்களுக்குக் குத்ஷானிஸ். இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வையுங்கள்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1915 வரை அந்த அசீரியர்களின் கிழக்குத் திருச்சபையின் தலைவரான மறைமுதுவர் இருந்த இடம் இதுதான். கத்தோலிக்கர்களுக்கு ரோமாபுரி எப்படியோ அப்படி. ஆனால் ஊர் என்னவோ மலைக்கிராமம்.

மறைமுதுவர் மணம் செய்யக் கூடாது. அதனால் பதவி பெரும்பாலும் சித்தப்பா, பெரியப்பாவிடமிருந்து அண்ணன் தம்பி பிள்ளைக்குப் போகும். அவர் இறைச்சியும் தொடக் கூடாது. சரி, வாரிசு எப்போதிலிருந்து சைவம்? பிறந்ததிலிருந்தா? இல்லை, அதற்கும் முன்பே! அவனைச் சுமக்கும்போதே தாய் இறைச்சியை நிறுத்திவிடுவாள். பனி மூடிய, ஆடு வளர்க்கிற மலையில்! நம் வீடுகளில் வாயும் வயிறுமாக இருப்பவளை 'இன்னும் கொஞ்சம் சாப்பிடும்மா' என்று விரட்டுவோம்; அங்கே பிள்ளைக்காகவே தட்டு சுருங்கியது. அந்தப் பையனுக்கு 'நாதர் குர்சி' என்று பெயர், அரியணைக் காவலன். நம் ஊர் உருதுக்காரர்கள் நாற்காலியைச் சொல்கிற அதே குர்சிதான்.

இன்னொன்று. கோவையிலிருந்து கேட்பவர்களே, பாலக்காட்டைத் தாண்டினால் திருச்சூர். அங்கே கல்தேய சிரியன் சபைக்கு 1908இல் வந்த மார் திமொத்தேயுஸ், அந்த மலைப்பீடம் அனுப்பிய ஆயர்தான்.

1903இல் பெஞ்சமின் மறைமுதுவரானபோது அவருக்கு வயது 16. அப்புறம் உலகப் போர். 1915இல் உதுமானியப் படையும் குர்தியக் குழுக்களும் தாக்க, அசீரிய மக்கள் மலை கடந்து பாரசீகத்தின் உர்மியா பக்கம் ஓடினார்கள். 1918 மார்ச்சில், பேச்சுவார்த்தைக்குப் போன பெஞ்சமினை சிம்கோ என்ற குர்தியத் தலைவரின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு மறுபடி ஓட்டம். ஹமதான் வழியாக, ஈராக்கின் பகூபா முகாமுக்கு.

குர்துகளின் கதையையும் விரிவாகச் சொல்ல நினைத்தேன். துருக்கிப் படைக்கும் குர்தியப் போராளிகளுக்கும் நடந்த 1990களின் மோதலில் ஹக்காரியின் பல குர்தியக் கிராமங்களும் காலியாயின. கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று: குத்ஷானிஸில் மார் ஷலிதா கோயில் இன்னும் நிற்கிறது. கல்லால் கட்டியது, வாசல் சின்னது. குனிந்துதான் நுழைய வேண்டும்.