ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: அண்டை மாநகரங்களும் நம் ஊராட்சியும்

(மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவிலுள்ள ஜார்ஜ்டவுனில் மதிப்பீட்டு வரி செலுத்துவோர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

அவைத் தலைவர் டத்தோ அவர்களே, சட்டமன்ற அலுவல்களுக்கிடையே வந்து சிறப்பித்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, தீவிலிருந்தும் பெருநிலத்திலிருந்தும் வந்து ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் இரு மாநகர் மன்றங்களின் உறுப்பினர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களே, ஆலய நிர்வாகத்தினரே, குடியிருப்பாளர் சங்கப் பொறுப்பாளர்களே, பின்கட்டில் தேநீருக்கும் வடைக்கும் பொறுப்பேற்றிருக்கும் மகளிர் பிரிவுச் சகோதரிகளே, அனைவருக்கும் இனிய தமிழ் வணக்கம்.

இரண்டு மாநகர் மன்றத்தாரையும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார வைத்த வரவேற்புக் குழுவைத் தனியாகப் பாராட்ட வேண்டும். நான் பேச வந்ததில் பாதியை அவர்கள் நாற்காலி போட்டே முடித்துவிட்டார்கள். மண்டபத்தைக் கட்டணமின்றித் தந்த டத்தோ அவர்களுக்கும் நன்றி. மின்கட்டணத்தையும் அவரே ஏற்றுக்கொண்டதாகச் செயலாளர் காதில் சொன்னார், அதற்கும் சேர்த்து நன்றி.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியவர்கள் வாக்கு. போடாதே என்று அவர்கள் சொல்லவில்லை. தாராளமாகப் போடு, ஆனால் எவ்வளவு போட்டாய் என்று கணக்கு வைத்துக்கொள் என்றார்கள். இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர், குப்பை, பேருந்து ஆகிய மூன்றைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் நம் வீட்டு நிலவரம். 1974-இல் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றமும் தீவின் கிராமப்புற மாவட்ட மன்றமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. அக்கரைப் பெருநிலத்தில் மூன்று மாவட்ட மன்றங்கள் ஒன்றாகிச் செபராங் பிறை நகராண்மைக் கழகம் பிறந்தது. தீவு 2015-இல் மாநகர் ஆனது, செபராங் பிறை 2019-இல் ஆனது. ஆக ஒரே மாநிலத்துக்குள் இரண்டு மாநகரங்கள், நடுவே கடல், அதன்மேல் 1985-இல் ஒரு பாலம், 2014-இல் இன்னொரு பாலம். அதோடு நின்றதா? வடக்கே சுங்கைப் பட்டாணி, கிழக்கே கூலிம், இரண்டும் கெடா. தெற்கே பாரிட் புந்தார், அது பேராக். நம் பெருநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் உறங்கி கூலிம் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவருக்கு மாநில எல்லை என்பது சாலையோரத்துப் பெயர்ப்பலகை மட்டும்தான்.

தண்ணீருக்கு வருகிறேன். பினாங்கின் மூல நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூடா ஆற்று நீர். கெடாவின் உலு மூடா காட்டில் பிறந்து, கீழே இரு மாநிலத்துக்கும் எல்லையாக ஓடிவரும் ஆறு அது. லாஹார் தியாங்கில் எடுத்துக் கால்வாய் வழியே சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறோம். அங்கிருந்து கடலடிக் குழாய் வழியே தீவுக்கு வருகிறது. காட்டைக் காக்கிறோமே, ஆண்டுக்கு 50 மில்லியன் ரிங்கிட் கொடுங்கள் என்றது கெடா. எங்கள் கரையில்தானே எடுக்கிறோம், எதற்குக் கொடுக்க வேண்டும் என்றது பினாங்கு. இரு தரப்பும் பத்திரிகைக்குத்தான் பேசின. அந்தத் தொகை எந்த அளவின்படி வந்தது? வெட்டாமல் விட்ட காட்டின் ஹெக்டரா, எடுத்த நீரின் கன மீட்டரா, கலங்கலின் அளவா? இந்த மூன்றில் கலங்கலைத்தான் நான் முதலில் வைப்பேன். மேலே மரம் வெட்டினாலும் மணல் அள்ளினாலும் கீழே நீர் கலங்கும். கலங்கினால் படிகாரம் கூடுதலாகப் போட வேண்டும். வடிகட்டும் மணற்படுகை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அதை அடிக்கடி கழுவ வேண்டும், கழுவுவதற்கோ சுத்திகரித்த நீரே செலவாகும். அந்தச் செலவு ஒவ்வொரு நாளும் பதிவேட்டில் ஏறுகிறது. கொடுப்பதா வேண்டாமா என்று சண்டை போடுவதற்கு முன்னால் அந்தப் பதிவேட்டை இரு மாநிலத்தாரும் ஒரே மேசையில் விரித்து வைக்கட்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால் ஆற்றிலிருந்து எடுத்தாலும் அளந்து எடு என்றுதானே பொருள்?

அடுத்து குப்பை. தீவின் வீட்டுக் குப்பை பத்து மாவுங் மாற்று நிலையத்துக்கும், பெருநிலத்துக் குப்பை அம்பாங் ஜாஜார் மாற்று நிலையத்துக்கும் போகின்றன. இரண்டும் கடைசியில் நிபோங் திபால் பக்கம் உள்ள பூலாவ் புரோங் நிலத்தில் போய்ச் சேர்கின்றன. இரண்டு மாநகரங்களுக்கும் ஒரே குழி. 2022 ஜனவரியில் அந்தக் குழி தீப்பற்றிப் பல நாள் புகைந்தபோது, தீவில் போட்ட குப்பையின் புகையைச் சுவாசித்தவர்கள் தென் செபராங் பிறை மக்கள்.

குப்பைக் கணக்கு எடைமேடையில் பிறக்கிறது. லோரி சுமையோடு ஏறும்போது ஓர் எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குப்பை. கேட்பதற்கு எளிது. எங்கே தவறு நடக்கிறது? வெறும் வண்டி எடையை ஒருமுறை எழுதிவைத்துவிட்டு, அதையே மாதக்கணக்கில் கழித்துக்கொண்டிருப்பார்கள். டீசல் தொட்டி ஒரு நாள் நிறைந்திருக்கும், ஒரு நாள் காலியாக இருக்கும். வண்டியின் தரையில் சேறு படியும். வரும்போது ஆட்கள் மூவர் இருந்தார்கள், போகும்போது ஒருவர்தான். ஒரு நடைக்கு 100 கிலோ பிசகினால், 10 நடைக்கு 1 டன். மழைக்காலத்தில் மூடாத தொட்டியில் தேங்கும் நீருக்கும் டன் கணக்கில் பணம் கட்டுகிறோம். ஆகவே ஒவ்வொரு நடைக்கும் இரண்டு முறை எடை, தொட்டிக்கு மூடி, அடியில் வடியும் கறுப்பு நீரை இறக்கிவிட்டபின் எடை. இதற்குப் பெரிய நிபுணர் யாரும் வர வேண்டியதில்லை.

பினாங்கில் 2016 ஜூன் முதல் குப்பையை வீட்டிலேயே பிரித்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை வீட்டில் நடக்கிறது என்று கை தூக்கச் சொல்லப் போவதில்லை, மாண்புமிகு அவர்கள் முன்னிலையில் யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம். ஆனால் மூடா ஆற்றைத் தாண்டினால் சட்டமே மாறுகிறது. கெடா 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தை, அதாவது 672-ஆம் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலம். அங்கே குப்பை கூட்டரசுக் கழகத்தின் மேற்பார்வையில் குத்தகை நிறுவனத்திடம் இருக்கிறது. பினாங்கும் பேராக்கும் ஏற்கவில்லை, இங்கே ஊராட்சி மன்றமே பொறுப்பு.

இந்த இடத்தில் ஒரு மெத்தையின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். நடந்ததா என்று கேட்காதீர்கள். எல்லையோரத் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருப்பவர்கள் கேட்க மாட்டார்கள்.

கிரியான் ஆறு தெரியும் அல்லவா? தென்கரையில் பாரிட் புந்தார், பேராக். எதிரே பண்டார் பாரு, கெடா. கொஞ்சம் கீழே நிபோங் திபால், நம் பினாங்கு. மூன்று மாநிலம், மூன்று ஊராட்சி மன்றம், ஒரே ஆறு. ஒருவர் வீட்டில் ஸ்பிரிங் மெத்தை, இரட்டைக் கட்டில் அளவு, நடுவில் குழி விழுந்துவிட்டது. பெரிய சாமான் என்றால் மன்றத்தை அழைத்து, நாள் வாங்கி, காலையில் வெளியே வைக்க வேண்டும். அவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இரவு 11 மணிக்கு மைத்துனரைத் துணைக்கு அழைத்துத் தூக்கிப்போய்ப் பெரிய கால்வாயில் தள்ளிவிட்டார். விடிகாலை மழை. மெத்தை புறப்பட்டது. அந்தக் குடும்பத்தில் யாரும் போகாத ஊரெல்லாம் பார்த்துக்கொண்டு மிதந்து வந்து, ஒரு பாலத் தூணில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த வாழைத்தண்டு, போலிஸ்டைரின் பெட்டி, ஒற்றைச் செருப்பு எல்லாம் அதன்மேல் குடியேறின. தண்ணீர் ஏறத் தொடங்கியது.

கரையோரம் ஒரு பாட்டி. தொலைபேசியை எடுத்தார். முதல் மன்றம், மலாயில் அத்தை என்பதுபோல மாக்சிக் என்று அழைத்துச் சொன்னது: “மாக்சிக், சாலையோரச் சாக்கடையில் இருந்தால் நாங்கள் எடுப்போம். ஆற்றில் விழுந்துவிட்டால் அது வடிகால் நீர்ப்பாசனத் துறை.” துறையை அழைத்தார். “வடகரையா, தென்கரையா?” “நடுவில்.” “நடு என்றால் எல்லை மாக்சிக், எதிர்க்கரை மாநிலத்து அலுவலகத்தையும் கேளுங்கள்.” அந்த மாநிலத்தார் கேட்டார்கள், “தூணில் மாட்டியிருக்கிறதா? தூண் பொதுப்பணித் துறையுடையதாயிற்றே.” பொதுப்பணித் துறை சொன்னது, “தூண் எங்களுடையது, மெத்தை எங்களுடையதல்ல.” மூன்றாவது மாநிலத்தில் குத்தகை நிறுவனம் பணிவாகவே பேசியது: “ஆறு எங்கள் குத்தகையில் இல்லை.” பாட்டிக்கு ஐந்து புகார் எண்கள் கிடைத்தன. நாலு எண் வாங்கினாலாவது நாலு இலக்க லாட்டரிச் சீட்டு எழுதியிருக்கலாம் என்று பேரன் சொன்னானாம்.

மறுநாள் வெள்ளம் வடிந்தது. மெத்தை எங்கே? பாட்டியின் வாசலில். மீண்டும் அழைத்தார். இம்முறை உடனே பதில் வந்தது: “மாக்சிக், இப்போது அது உங்கள் வளாகத்தில் கிடக்கிறது. 14 நாளில் நீங்களே அகற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நோட்டீஸ் வரும்.”

சிரித்தது போதும். கால்வாயிலோ ஆற்றிலோ குப்பை கொட்டுவது 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் இருக்கிறது, துறை இருக்கிறது, லோரி இருக்கிறது. இல்லாதது, பாட்டியைக் கண்டு அஞ்ச வேண்டிய ஓர் ஆள். இப்போது நம் மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி 8 பேருக்குக் குறையாமல், 24 பேருக்கு மேற்படாமல், தவணை மூன்றாண்டுக்கு மிகாமல். முன்வரிசையில் இருக்கும் உறுப்பினர்கள் உழைப்பவர்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குப் பதவி தருவது பாட்டியின் கை அல்ல.

எப்போதும் இப்படியா இருந்தது? 1951-இல் நகராட்சித் தேர்தல் கண்ட ஊர் இது. மின்சாரம், தண்ணீர், பேருந்து மூன்றையும் நகர் மன்றமே நடத்திய ஊர். ஆயர் ஈத்தாம் அணை 1962-இல் மாநகர் மன்றம் கட்டி முடித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் வாக்கால் மேயர் நாற்காலியில் அமர்ந்த டி. எஸ். ராமநாதன் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது, ஸ்காட் சாலை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 1965 மார்ச்சில் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்திவைத்தார்கள். மோதல் அடுத்த ஆண்டே முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை. மன்றங்களில் முறைகேடு என்ற புகார்களை விசாரிக்க ஓர் அரச ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். ஜார்ஜ்டவுன் மன்றத்தின் மீதும் புகார் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் விசாரித்த பிறகும் 1968 டிசம்பரில் கொடுத்த அறிக்கையில், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் மீண்டும் வர வேண்டும் என்றுதான் ஆணையம் பரிந்துரைத்தது. அரசு கேட்கவில்லை. 1976 சட்டத்தின் 15-ஆம் பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2012-இல் பினாங்கு சட்டமன்றம் தேர்தலைக் கொண்டுவரத் தனிச் சட்டம் இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது.

தேர்தல் வந்தால் நகரங்களில் ஓர் இனத்தின் கை ஓங்கிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தைக் கேலி செய்யாமல், வட்டார எல்லைகளை எப்படி வரைவது என்று உட்கார்ந்து பேச வேண்டும். பேசலாம்.

மாண்புமிகு அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருக்கு இன்னொரு நிகழ்ச்சி இருப்பதை அறிவேன், காத்திருப்பதற்கு நன்றி. இரு மன்றத்தாரும் வந்திருப்பதால் காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு கால்வாய்க்கும் மதகுக்கும் ஓர் எண் கொடுங்கள். அகலம், ஆழம், அடிமட்டம் மூன்றையும் இரு பக்கத்துப் பொறியாளர்களும் சேர்ந்து அளந்து ஒரே வரைபடத்தில் குறியுங்கள். மேற்பக்கத்தில் புதுத் தாமானுக்காக 3 மீட்டர் கால்வாய் வெட்டிவிட்டு, கீழ்ப்பக்கத்தில் பழைய 1.5 மீட்டர் மதகை அப்படியே விட்டால் வெள்ளம் கீழ்ப்பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். புதுத் திட்டத்தால் நீரோட்டத்தின் உச்ச அளவு முன்பைவிடக் கூடக் கூடாது என்பது வடிகால் துறையின் வழிகாட்டி விதி. தேக்கக் குளம் வெட்டினார்களா என்று எல்லைக்கு இப்பால் உள்ள மன்றமும் கேட்க உரிமை வேண்டும். நமக்குப் பெருமழை செப்டம்பர் முதல் நவம்பர் வரை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளைத் தீவும் மறக்கவில்லை, பெருநிலமும் மறக்கவில்லை. ஆகவே தூர்வாரும் வேலை ஆகஸ்டுக்குள் முடிய வேண்டும். எந்த மதகை யார் வாருவது, எத்தனை டன் வண்டல் வந்தது, செலவு எந்த விகிதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இங்கேயும் அளந்துதான் போட வேண்டும். எழுதாத நட்பு அதிகாரி மாறும்போது அவரோடு மாற்றலாகிப் போய்விடும். மாநில எல்லையைத் தாண்டும் காரியங்களுக்கு 1976 நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 6ஏ பிரிவு வட்டாரத் திட்டமிடல் குழு அமைக்க வழி தருகிறது. அரசியலமைப்பின் 95ஏ பிரிவின்கீழ் தேசிய ஊராட்சி மன்றமும் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை, ஆகவே மறுபடியும் தேர்தலுக்கே வருகிறேன்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: புகார் கொடுக்கும்போது சாக்கடை சாலையோரத்ததா, பெருங்கால்வாயா, ஆறா என்று எழுதுங்கள். படம் எடுத்தால் பின்னணியில் விளக்குக்கம்பத்து எண் தெரியட்டும். புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்று அதே ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது, போய் உட்காருங்கள். எடைமேடைக் கணக்கு வேண்டுமென்றால் பினாங்கின் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள்.

வாசலருகே மேசையில் மனுத்தாள் இருக்கிறது. ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரக் கேட்கும் மனு. பெயரும் தாமானும் எந்த மாநகரத்துக்கு வரி கட்டுகிறீர்கள் என்பதும் போதும். அடையாள அட்டை எண் எழுத வேண்டாம். தீவுக்காரர்கள் நீலத்தாள், பெருநிலத்தவர் மஞ்சள். கெடாவிலிருந்தும் பாரிட் புந்தாரிலிருந்தும் வந்தவர்களுக்கு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறோம். கேள்விக்கு டத்தோ 15 நிமிடம் தந்திருக்கிறார். பேருந்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் விட்டதை மூன்றாவது வரிசையில் இருக்கும் ஐயா குறித்துவைத்திருக்கிறார், அவரே முதலில் கேட்கட்டும்.